போராளியா, பயங்கரவாதியா? சுங்கை சிப்புட்ல இருந்து பாத்தா எப்படித் தெரியுது

நவம்பர் 27, விடுதலைப் புலிகளோட மாவீரர் நாள், நெருங்கினா மலேசியாவுல சுங்கை சிப்புட் மாதிரி நம்ம தோட்டத்து டவுன்கள்ல இந்தப் பேச்சு தானா வந்துடும். ஒருத்தர் மாவீரர்னு ஆரம்பிப்பாரு, எதிர்ல உக்காந்திருக்கவரு "மெதுவா பேசுங்கண்ணே, சொஸ்மால தூக்கிடுவான்"னுவாரு (ஜாமீன் இல்லாம உள்ள வைக்கிற பாதுகாப்புச் சட்டம் அது), மூணாவது ஆளு "அப்ப மலாயா கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் சின் பெங்கும் போராளிதானா?"ன்னு ஒரு கேள்விய எடுத்துப் போட்டுட்டு தே தாரேக்க உறிஞ்சிக்கிட்டு உக்காந்திருப்பாரு. அந்த மூணாவது கேள்விக்குப் பதில் சொல்லாம முதல் ரெண்டுக்கும் பதில் சொல்ல முடியாது. அதனால அடியிலேர்ந்து வருவோம்.

## முதல்ல, இது ஒரே கேள்வி இல்ல

ஒருத்தன பயங்கரவாதின்னு சொல்லும்போது நாம பேசுறது அவன் வழியப் பத்தி: யார அடிச்சான், ஆயுதம் இல்லாதவன அடிச்சானா, ஊரையே நடுங்க வச்சு காரியம் சாதிக்கப் பாத்தானா. விடுதலைப் போராளின்னு சொல்லும்போது பேசுறது அவன் நோக்கத்தப் பத்தி: யாருக்காக, யாருக்கு எதிரா. இதுல எது, அதுவா இதுவான்னு கேக்குறது, மாப்பிள்ள ஒசரமா இல்ல கறுப்பான்னு கேக்குற மாதிரி. ரெண்டுமா இருக்கலாமே. இத மனசுல வச்சுக்கிட்டா நாலு வகை வருது:

1. நோக்கம் விடுதலை, அடி எதிரிப் படைமேல மட்டும். காகிதத்துல சுலபமா எழுதிடலாம், ஆனா ரொம்ப காலம் நடந்த எந்த ஆயுதப் போராட்டமும் இந்தக் கோட்டுக்குள்ளயே நின்னதா சொல்றது கஷ்டம்.

2. நோக்கம் விடுதலை, ஆனா அடி பொதுமக்கள் மேலயும் விழுந்தது. சண்ட எல்லாம் இந்த வகையிலதான். தென்னாப்பிரிக்காவுல மண்டேலா கட்சியோட ஆயுதப் பிரிவு 1961ல ஆரம்பிச்சது, 1983ல பிரிட்டோரியா சர்ச் ஸ்ட்ரீட்ல விமானப்படை ஆபீஸ் வாசல்ல அவங்க வச்ச கார் குண்டுல 19 பேர் செத்தாங்க, அதுல பொதுமக்களும் இருந்தாங்க. நிறவெறி ஆட்சி முடிஞ்ச பிறகு அமைச்ச உண்மை ஆணையம் அந்தக் கட்சி செஞ்ச மனித உரிமை மீறலையும் விடாம எழுதி வச்சது. அமெரிக்கா மண்டேலாவ தன்னோட கண்காணிப்புப் பட்டியல்லேர்ந்து எடுத்தது 2008ல. அவரு நோபல் பரிசு வாங்கி, அதிபரா இருந்து, ஓய்வும் எடுத்த பிறகு!

3. விடுதலைங்கிற பேச்சே இல்ல, இன்னொரு கூட்டத்த ஒழிக்கணும்ங்கிறதுதான் நோக்கம். இதுல குழப்பம் கிடையாது.

4. சீருடை போட்ட அரசாங்கப் படையே ஆயுதமில்லாதவங்கள அடிக்கிறது. இதுக்கு சட்டத்துல போர்க்குற்றம், மனித குலத்துக்கு எதிரான குற்றம்னு வேற பேர் வச்சிருக்காங்க, பயங்கரவாதப் பட்டியல்ல மட்டும் வராது. ஏன்னா பட்டியல் எழுதுறதே அரசாங்கம்தான்.

## 1948 ஜூன் 16, நம்ம ஊர்ல

இது நமக்கு ஏட்டு விஷயம் இல்ல. மலேசிய சரித்திரத்துல இந்தக் கேள்வி ரத்தத்தோட எழுந்த இடமே சுங்கை சிப்புட்தான். அன்னிக்கு காலைல எல்ஃபில் தோட்டத்துக்கு சைக்கிள்ல வந்தவங்க மேனேஜர் ஆர்தர் வாக்கர ஆபீஸ்லயே சுட்டுட்டுப் போனாங்க. கொஞ்ச நேரத்துல பக்கத்துல இன்னொரு தோட்டத்துல ஜான் அலிசன், அவரோட இளம் உதவியாளர் இயன் கிறிஸ்டியன், ரெண்டு பேரையும் கொன்னாங்க. ரெண்டே நாள்ல மலாயா முழுக்க அவசரகாலம், அது முடிஞ்சது 1960 ஜூலை 31ல.

சுட்டது மலாயா கம்யூனிஸ்ட் கட்சி ஆளுங்க. அந்தக் கட்சியோட நியாயம் என்னன்னா, தொரைங்கிறவன் தனி மனுசன் இல்ல, அவன் வெள்ளக்காரன் சுரண்டல் மிஷினோட ஒரு பல். 1947, 48ல கூலி கேட்டு வேலைநிறுத்தம் பண்ண தோட்டத் தொழிலாளி மேல போலீஸ் விழுந்து அடிச்சதும், வேலைப் பதிவுலேர்ந்து பேர் அழிச்சு லயத்த, தோட்டத்து வரிசை வீட்ட, விட்டுத் துரத்துனதும் நம்ம பாட்டன் பூட்டன் பட்டது, அந்தக் கோபம் பொய்யில்ல. ஆனா மேசைக்குப் பின்னால உக்காந்திருக்க மேனேஜர் படைவீரனா? போர்ச் சட்டத்தோட அளவுகோல்ல பாத்தா இல்ல, அவரு சிவிலியன். என்னக் கேட்டா அந்த அளவுகோல விடக்கூடாது, ஏன்னா விட்டா அது தொரையோட நிக்கல. அப்புறம் பஸ்ஸ எரிச்சாங்க, பால்மரத்த வெட்டிச் சாய்ச்சாங்க (சாய்ஞ்ச மரத்துல யாரு பால் வெட்டுறது, பட்டினி யாருக்கு?), துப்பு சொன்னான்னு சந்தேகப்பட்ட ஏழை ஜனத்தையும் கொன்னாங்க. 12 வருசத்துல 2,400க்கும் மேல பொதுமக்கள், 1,800க்கும் மேல போலீஸ், ராணுவத்துக்காரங்க, ஏறக்குறைய 6,700 கெரில்லாக்கள்னு கணக்கு.

அந்தப் பக்கம் மட்டும் பாத்தா போதாது. 1948 டிசம்பர்ல சிலாங்கூர் பத்தாங்காலியில பிரிட்டிஷ் ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படை ஆயுதமில்லாத 24 ஆம்பளைங்கள சுட்டது. முதல்ல கொள்ளக்காரங்க தப்பி ஓடுனாங்க, அதனால சுட்டோம்னு சொன்னாங்க. குடும்பத்துக்காரங்க லண்டன் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனாங்க, 2015ல இனிமே விசாரணை நடத்தணும்ங்கிற சட்டக் கட்டாயம் இல்லன்னு தீர்ப்பு வந்தது. அதோட சுமார் 5 லட்சம் பேர, பெரும்பாலும் சீனக் குடியானவங்கள, புதுக்கிராமம்னு முள்கம்பிக்குள்ள கொண்டாந்து வச்சாங்க, நம்ம லயங்களுக்கும் வேலி போட்டு அரிசியக்கூட அளந்து குடுத்தாங்க. இந்த ஜனத்த யாரு பயமுறுத்துனதுன்னு கேட்டா ரெண்டு பக்கமும் கை காட்டணும்.

இங்க கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. காட்டுல இருந்தவங்கள பிரிட்டிஷ்காரன் முதல்ல கொள்ளக்காரன்னுதான் எழுதுனான், 1952லேர்ந்து கம்யூனிஸ்ட் பயங்கரவாதின்னு மாத்தி எழுதச் சொல்லி உத்தரவு. நடந்ததையும் யுத்தம்னு சொல்லவே இல்ல, அவசரகாலம்னு சொன்னான். யுத்தம்னு சொன்னா லண்டன் இன்சூரன்ஸ் கம்பெனிங்க தோட்டத்து நஷ்டத்துக்குக் காசு குடுக்காதுங்கிறது ஒரு காரணம்னு பரவலா சொல்றாங்க. அதவிடப் பெரிய விஷயம், யுத்தம்னா பிடிபட்டவன் போர்க்கைதி, அவன ஆயுதம் வச்சிருந்ததுக்காக தூக்குல போட முடியாது. அவசரகாலம்னா அவன் சாதாரணக் குற்றவாளி, தூக்குல போடலாம். போட்டாங்க.

## கணபதி விவகாரம்

எஸ்.ஏ. கணபதி தஞ்சாவூர்ப் பக்கம் பொறந்து சின்ன வயசுலயே இங்க வந்தவரு, அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தோட தலைவர். 1948 ஜூன்ல சம்மேளனத்தோட பதிவ ரத்து பண்ணிட்டாங்க, அவரு தலைமறைவானாரு. 1949 மார்ச்ல ரவாங் பக்கத்துல பிடிபட்டாரு, கையில ஒரு ரிவால்வர், சில தோட்டா. 1949 மே 4ந்தேதி புடு சிறையில தூக்கு. அதுக்கு முந்தின நாள்தான் இன்னொரு தொழிற்சங்கத் தலைவர் வீரசேனன காட்டுல சுட்டுக் கொன்னாங்க. கணபதிக்காக நேருவோட அரசாங்கம் கேட்டுப் பாத்தது, வெள்ளக்காரன் அசையல.

நம்ம ஆளுங்க இத ரெண்டு விதமாதான் சொல்றாங்க, தியாகி, இல்லன்னா கம்யூனிஸ்ட் பயங்கரவாதி. ஆனா அந்த நீதிமன்றம் விசாரிச்சது இது ரெண்டையும் இல்ல. அவரு யாரையாவது கொன்னாரான்னு குற்றச்சாட்டே கிடையாது, அவசரகாலச் சட்டப்படி அனுமதியில்லாம துப்பாக்கி வச்சிருந்தா மரண தண்டனை, அவ்வளவுதான். துப்பாக்கி வச்சிருந்தாருன்னு தூக்குல போட்டுட்டு அதுக்கு மேல பயங்கரவாதிங்கிற பேரையும் ஊர் ஒட்டி விட்டுச்சு. இந்த ரெண்டாவது பாதி எந்தத் தீர்ப்புலயும் இல்லாதது, இன்னிக்கும் யாராவது ஒருத்தர பத்திரிகைல இப்படி எழுதும்போது அவர் மேல போட்ட குற்றச்சாட்டு உண்மையில எந்த செக்‌ஷன்னு பாக்குறது நல்லது.

## பேர் எப்ப மாறுது

நோக்கமோ வழியோ பெருசா மாறாம பேர் மட்டும் மாறுன கதைக்கு மலாயாவவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

ஜப்பான்காரன் காலத்துல காட்டுல இருந்து அவன எதிர்த்தது மலாயா மக்கள் ஜப்பான் எதிர்ப்புப் படை, கம்யூனிஸ்ட் கட்சியோட படைதான். அதுக்கு ஆயுதமும் ஆளும் அனுப்புனது பிரிட்டனோட ரகசியப் படைப்பிரிவு ஃபோர்ஸ் 136. 1946ல லண்டன் வெற்றி அணிவகுப்புல அந்தப் படை ஆளுங்களும் நடந்தாங்க, சின் பெங்குக்கு ஓ.பி.ஈ.ங்கிற பிரிட்டிஷ் அரசப் பட்டம் அறிவிச்சாங்க. அதே சின் பெங் தலைக்கு சில வருசத்துல 250,000 டாலர் விலை. கெரில்லாவா சண்ட போட அவங்களுக்கு ஆயுதமும் பயிற்சியும் குடுத்தவங்கதான் விலையும் வச்சாங்க, எதிர்ல நின்னது யாருங்கிறதுதான் மாறிச்சு.

அதே நேரத்துல இன்னொரு பக்கம் 1943 ஜூலைல நேதாஜி சிங்கப்பூருக்கு வந்தாரு, தோட்டத்துல பால் வெட்டிக்கிட்டிருந்த தமிழன் ஆயிரக்கணக்குல இந்திய தேசிய ராணுவத்துல சேந்தான், பொண்ணுங்க ஜான்சி ராணி படையில சேந்தாங்க. நமக்கு அவங்க விடுதலை வீரர், பிரிட்டிஷ் ராணுவத்துக்கு அவங்க துரோகி. கசப்பான விஷயம் என்னன்னா, நேதாஜி கைகோத்த அதே ஜப்பான்காரன்தான் அந்த வருசங்கள்ல நம்ம ஜனத்த சயாம் ரயில் பாதைக்கு அள்ளிக்கிட்டுப் போய் காலராவுலயும் பட்டினியிலயும் சாகவிட்டான். ஒரே லயத்துல ஒரு வீட்டு அண்ணன் படைல, தம்பி சயாம்ல. இதுல யாரு பக்கம் விடுதலைன்னு அந்த வீட்டு ஆத்தாகிட்ட கேட்டிருந்தா என்ன சொல்லியிருக்கும்?

போர் முடிஞ்சு 1945 கடைசியில டில்லி செங்கோட்டையில அந்தப் படை அதிகாரிங்கமேல வழக்கு நடந்தது. ஷா நவாஸ் கான், சேகல், தில்லான் மூணு பேருக்கும் ஆயுள் நாடுகடத்தல்னு தண்டனை, 1946 ஜனவரிலயே தளபதி அத ரத்து பண்ணி வெளிய விட்டுட்டாரு. சட்டம் மாறல, இந்தியா முழுக்க ஜனம் தெருவுக்கு வந்துடுச்சு, ராணுவத்துக்குள்ளயே முணுமுணுப்பு. ஆக யாரு ஜெயிக்கப் போறாங்கங்கிறதப் பாத்துதான் பேர் போகுது. ஜெயிச்சவங்க போராளி, தோத்தவங்க பயங்கரவாதின்னு சொல்றதுல பாதி உண்மை இருக்கு. மீதிப் பாதி, செத்த சிவிலியன் ஜெயிச்சாலும் செத்தவன்தான்.

## ஐ.நா. ஏன் இன்னும் முடிவு பண்ணல

உலகத்துக்கே ஒரு பொது விளக்கம் இருந்தா சண்ட முடிஞ்சிடுமேன்னு தோணும். முழுமையான பயங்கரவாத ஒப்பந்தத்துக்கு இந்தியா 1996லயே வரைவு குடுத்தது, இன்னும் நிக்குது. நிக்கிற இடம் ரெண்டு: அந்நிய ஆக்கிரமிப்ப எதிர்த்துப் போராடுறவங்களுக்கு விலக்கு வேணுமா, அரசாங்க ராணுவம் செய்றதும் இதுல சேருமா. முதல் கேள்விக்கு ஆமான்னு சொல்றவங்களுக்கு இரண்டாவதுலயும் ஆமா, மத்தவங்களுக்கு ரெண்டுலயும் இல்ல, பொதுவா அப்படித்தான் போகுது.

1977ல ஜெனீவா ஒப்பந்தத்தோட கூடுதல் நெறிமுறை ஒண்ணு வந்தது. காலனி ஆட்சி, அந்நிய ஆக்கிரமிப்பு, இனவெறி ஆட்சி, இந்த மூணுக்கும் எதிரா நடக்குற சண்டைய அது நாடுகளுக்கு நடுவுல நடக்குற போர் மாதிரியே வச்சுக்கச் சொல்லுது. அப்ப போராளிக்கும் ஒரு அந்தஸ்து வருது, ஆனா கூடவே கடமையும் வருது, சிவிலியன தொடக்கூடாது. அமெரிக்கா, இந்தியா, இலங்கை மூணும் அதுல சேரல. 1999ல வந்த ஐ.நா. நிதி ஒப்பந்தம், சண்டைல பங்கெடுக்காத சிவிலியன ஊர மிரட்டவோ அரசாங்கத்த வளைக்கவோ கொல்றதுக்கு யாரும் காசு குடுக்கக்கூடாதுன்னு சொல்லுது. எனக்கு இருக்குறதுலயே நேரா தெரியுறது இதுதான், யாருக்காகப் போராடுனாங்கங்கிறதுக்கு விலக்கு குடுக்கல, யார் மேல அடி விழுந்தது, மிரட்டத்தானான்னு கேக்குது.

மலேசியாவும் ஒரு தடவ முயற்சி பண்ணிச்சு. 2002 ஏப்ரல்ல கோலாலம்பூர்ல இஸ்லாமிய நாடுகளோட வெளியுறவு அமைச்சருங்க கூடுனாங்க, சிவிலியன அடிக்கிறவன் யாரா இருந்தாலும் பயங்கரவாதின்னு வச்சுக்குவோம், அரசாங்கமா இருந்தாலும் தற்கொலைக் குண்டுக்காரனா இருந்தாலும் சரின்னு மகாதீர் சொன்னாரு. பாலஸ்தீனப் போராட்டத்த அதுல சேக்க மத்த நாடுங்க ஒத்துக்கல, விளக்கம் இல்லாமலே கூட்டம் கலைஞ்சது. மகாதீர் மேல நமக்கு ஆயிரம் வழக்கு இருக்கலாம், அன்னிக்கு அவர் போட்ட கோடு நேர்க்கோடு.

## நம்ம நாட்டுச் சட்டம் எப்படி வேலை செய்யுது

1. தண்டனைச் சட்டம் செக்‌ஷன் 130பி. அரசியல், மதம், கொள்கை காரணத்துக்காக, ஜனத்த மிரட்டவோ அரசாங்கத்த வளைக்கவோ, உயிர்ச் சேதம், பெரிய சொத்துச் சேதம், வெடிகுண்டு மாதிரி வேலை செஞ்சா பயங்கரவாதச் செயல். கொலை, காயம் நோக்கமில்லாத மறியல், எதிர்ப்பு, வேலைநிறுத்தம் இதுல சேராதுன்னு சட்டமே சொல்லுது. அந்த விலக்கு 1948ல இருந்திருந்தா எத்தன தொழிற்சங்கக்காரங்க தப்பிச்சிருப்பாங்கன்னு நினைக்காம இருக்க முடியல.

2. பட்டியல். உள்துறை அமைச்சர் அரசிதழ்ல அறிவிச்சா ஒரு அமைப்பு பயங்கரவாத அமைப்பு. முன்கூட்டி நீதிமன்ற விசாரணை கிடையாது. விடுதலைப் புலிகள் 2014 நவம்பர்ல இப்படிச் சேந்தாங்க, அதாவது முள்ளிவாய்க்கால் முடிஞ்சு அஞ்சு வருசம் கழிச்சு.

3. பட்டியல்ல வந்ததும் மத்த செக்‌ஷன் எல்லாம் தானா பத்திக்கும். 130ஜே ஆதரவு குடுக்குறது, 30 வருசம் இல்ல ஆயுள் வரைக்கும் போகலாம். 130ஜேபி அந்த அமைப்பு சம்பந்தப்பட்ட பொருள் வச்சிருக்கிறது, 7 வருசம் வரைக்கும். கையில இருக்குற போன்ல உள்ள படமும் பொருள்தான்.

4. 2012ல வந்த சொஸ்மா. 28 நாள் வரைக்கும் போலீஸ் வச்சுக்கலாம், கோர்ட்டுக்குப் போனாலும் பொதுவா ஜாமீன் கிடையாது. ஆக தீர்ப்புக்கு முன்னாடியே தண்டனை ஆரம்பிச்சிடுது.

இதுக்கு முன்னாடி இருந்தது ஐ.எஸ்.ஏ.ங்கிற உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம், அதுல கோர்ட்டே வேணாம். 2007 நவம்பர் 25 அன்னிக்கு இந்தியர் உரிமைக்காக நடந்த ஹிண்ட்ராஃப் பேரணிக்கு இந்த மாதிரி டவுன்கள்லேர்ந்து எத்தன பஸ் போச்சுன்னு போனவங்களுக்குத் தெரியும். அடுத்த மாசம் 13ந்தேதி அஞ்சு பேர புடிச்சாங்க, பயங்கரவாதக் கும்பலோட தொடர்புன்னு அரசுத் தரப்புல பேச்சு. எந்தக் கோர்ட்லயும் அது நிரூபணம் ஆகல, அஞ்சு பேரும் 2009 மே மாசத்துக்குள்ள வெளிய வந்தாங்க, அதுல ஒருத்தரு கமுண்டிங் தடுப்பு முகாம்ல இருந்தபடியே 2008ல சட்டமன்றத்துக்கு ஜெயிச்சாரு. கையில தடிகூட இல்லாதவங்க மேலயே இந்தப் பேர் ஒட்டும்னா அந்தப் பசை எவ்வளவு மலிவுன்னு பாத்துக்குங்க.

## புலிகள் விஷயம்

இங்கதான் ரெண்டு தரப்பும் என்மேல கோபப்படும். நாலு வகையில இவங்க இரண்டாவது வகை.

நோக்கம் கற்பனை இல்ல. இலங்கையில தமிழுக்கு, படிப்புக்கு, நிலத்துக்கு நடந்தத எழுதுனா பக்கம் பத்தாது, 1983 ஜூலையில தமிழங்கமேல நடந்த இனக் கலவரம் ஒண்ணே போதும். 2009ல அரசாங்கமே போர் தவிர்ப்பு வலயம்னு அறிவிச்ச இடத்துல ஜனத்துமேல குண்டு விழுந்தது, 40,000 சிவிலியன் வரைக்கும் செத்திருக்கலாம்னு ஐ.நா. நிபுணர் குழு 2011ல எழுதுச்சு. அத எந்த நாடும் பயங்கரவாதப் பட்டியல்ல போடல.

வழியும் மறைக்க முடியாதது. 1990 அக்டோபர்ல வடக்குலேர்ந்து 70,000க்கும் மேல முஸ்லிம்கள, அவங்களும் தமிழ் பேசுறவங்கதான், ரெண்டு நாள், சில எடத்துல சில மணி நேரம் கெடு குடுத்து வெளியேத்துனாங்க. 1991 ஸ்ரீபெரும்புதூர்ல ராஜீவ் காந்தியோட சேத்து அங்க நின்ன பொதுஜனமும் செத்துச்சு. 1996 ஜனவரி கொழும்பு மத்திய வங்கி குண்டுல 90க்கும் மேல சாவு. சின்னப் புள்ளைங்கள படையில சேத்தாங்க, மாற்றுக் கருத்து சொன்ன தமிழ்த் தலைவர்களையே, அமிர்தலிங்கத்துலேர்ந்து நீலன் திருச்செல்வம் வரைக்கும், சுட்டும் குண்டு வச்சும் கொன்னாங்க. அரசாங்கம் செஞ்சது இத நியாயமாக்காது, இது அரசாங்கம் செஞ்சத நியாயமாக்காது, ஒரு பக்கத்துப் பொணத்த வச்சு இன்னொரு பக்கத்துப் பொணத்த கழிக்க முடியாது.

சரி, அந்த அமைப்பப் பத்தின முடிவு வேற, அந்தப் படத்த போன்ல வச்சிருக்கவனப் பத்தின முடிவு வேற. 2019 அக்டோபர்ல 12 பேர சொஸ்மால புடிச்சாங்க, ரெண்டு சட்டமன்ற உறுப்பினர்களும் அதுல, மத்தவங்க பெரும்பாலும் சாதாரண வேலை பாக்குறவங்க. குற்றச்சாட்டுல பாதி போன்லயும் பேஸ்புக்லயும் இருந்த படம், மீதி 2018 நவம்பர்ல மலாக்காவுல நடந்த நினைவு நிகழ்ச்சி. 2020 பிப்ரவரி 21ல அப்ப சட்டத்துறைத் தலைவரா இருந்த டோமி தாமஸ் எல்லா வழக்கையும் கைவிட்டாரு: புலிகள் அமைப்பு 2009லயே தோத்து முடிஞ்சது, ஒரு தலைவர் படத்த போன்ல வச்சிருக்கிறத பயங்கரவாதம்னு சொன்னா சட்டத்துக்கே கெட்ட பேர், தண்டனை கிடைக்கிற வாய்ப்பும் இல்லங்கிறதுதான் அவர் நியாயத்தோட சாரம். ஆனா அதுக்குள்ள அந்தக் குடும்பங்க நாலு மாசம் சம்பாத்தியம் இல்லாம சிறை வாசல்ல நின்னாச்சு.

அதே காலத்துல சுவிட்சர்லாந்துல புலிகளுக்கு நிதி திரட்டுனவங்கமேல பெரிய வழக்கு. அங்க அந்த அமைப்ப தடை பண்ணவே இல்ல. குற்ற அமைப்புக்கு உதவுனாங்கன்னு நிரூபிக்க முடியலன்னு 2018ல கீழ்க் கோர்ட் சொன்னது, 2019 கடைசியில மேல் கோர்ட்டும் அத உறுதி பண்ணிச்சு. அங்க லட்சக்கணக்குல காசு திரட்டுனவன் அந்தக் குற்றச்சாட்டுலேர்ந்து வெளிய, இங்க படம் வச்சிருந்தவன் உள்ள, ஒரே வருசத்துல.

## அப்ப நம்ம ஊர்ல இருக்கவங்களுக்கு என்ன

ரெண்டு விஷயத்தப் பிரிச்சு வச்சுக்கணும். ஒரு போராட்டத்தோட நோக்கம் நியாயம்னு நினைக்கிறதும், அது சிவிலியன்மேல செஞ்சது குற்றம்னு நினைக்கிறதும், ஒரே வாயில சொல்ற விஷயம்தான், யாரும் யாருக்கும் துரோகி ஆகிட மாட்டாங்க. இது சுங்கை சிப்புட்ல சுட்டவனுக்கும் பொருந்தும், பத்தாங்காலில சுட்டவனுக்கும் பொருந்தும்.

சட்டம் அப்படி ரெண்டாப் பிரிச்சுப் பாக்காது, அதுக்குப் பட்டியல் இருந்தா போதும். செத்தவங்களுக்கு விளக்கேத்துறது ஒரு விஷயம், அமைப்போட கொடி, சின்னம், தலைவர் படத்தோட அத நடத்தி வீடியோ எடுத்துப் போடுறது சட்டத்தோட கண்ணுல வேற விஷயம். புனர்வாழ்வுக்குன்னு யாராவது வெள்ளி (ரிங்கிட்) கேட்டு வந்தா எந்தப் பேர்ல பதிவான அமைப்பு, ரசீது உண்டான்னு கேளுங்க, நிதி குடுக்குறதுக்கு தனி செக்‌ஷன் இருக்கு, நல்ல மனசு அதுல வாதமா நிக்காது. 2020ல போனது வழக்கு மட்டும்தான். டோமி தாமஸ் பட்டியல்ல கை வைக்கல, அது அவர் வேலையும் இல்ல, உள்துறை அமைச்சரோட வேலை.